கம்பி வழி வந்த விலையும் கருணையும்

உலகம் சுருங்கிவிட்டது என்று இக்காலத்தில் எல்லோருஞ் சொல்லுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாய் கனடாவில் இருக்கும் மகனோடு முகம் பார்த்துப் பேசுகிறாள். 2020 ஆம் ஆண்டு முதலாகக் கொழும்புத் தேயிலை ஏலம் கணினித் திரையிலேயே நடைபெறுகிறது. இவற்றையெல்லாம் நம் தலைமுறைக்கே உரிய புதுமை என்று எண்ணுகிறோம். அவ்வளவில் நில்லாது, தூரம் ஒழிந்தமையால் மனிதர் ஒருவருக்கொருவர் உறவினராகிவிடுவர் என்றும் நம்புகிறோம். இவ்விரண்டு எண்ணங்களும் சரியானவைதாமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்கு நாம் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் முதன்மையான துறைமுகம் கொழும்பன்று, காலியேயாம். ஐரோப்பாவிலிருந்து தபாலைக் கொண்டுவரும் நீராவிக் கப்பல்கள் அங்கேதான் தங்கிச் சென்றன. கொழும்பிலிருந்த கோப்பி வர்த்தகருக்கோ இலண்டன் சந்தையின் விலையை ஒரு மணி நேரம் முந்தி அறிவதும் பெரும் இலாபமாயிருந்தது. ஆகவே, 'சிலோன் ஒப்சேர்வர்' பத்திரிகையார் 1850 ஆம் ஆண்டில் ஓர் உபாயஞ் செய்தனர். கப்பலில் வந்த செய்திகளைச் சுருக்கி எழுதி, புறாக்களின் காலிற் கட்டி, காலியிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 72 மைல் தூரம் பறக்கவிட்டனர். அதே ஆண்டில் ஜெர்மனியிலே ஜூலியஸ் ரோய்ட்டர் என்பவரும் ஆகன் நகருக்கும் பிரசெல்சு நகருக்கும் இடையிலே தந்திக் கம்பி இல்லாத இடைவெளியைப் புறாக்களைக் கொண்டே நிரப்பினார். பிற்காலத்தில் உலகெங்கும் புகழ்பெற்ற ரோய்ட்டர் செய்தி நிறுவனத்தின் தொடக்கம் அது. 1858 ஆம் ஆண்டில் காலிக்கும் கொழும்புக்கும் இடையே தந்தி வந்தது. புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது.

தரையிலே கம்பி இழுப்பது எளிது; கடலை எவ்வாறு கடப்பது? கடல்நீர் மின்சாரத்தை உறிஞ்சிவிடாதபடி கம்பியைப் போர்த்துவதற்கு ஒரு பொருள் வேண்டியிருந்தது. அப்பொருள் மலாய் நாட்டுக் காடுகளிலிருந்து கிடைத்தது. கட்டாபேர்ச்சா என்னும் ஒருவகை மரத்தின் பால் அது. சிங்கப்பூரிலிருந்த மொன்கொமரி என்னும் வைத்தியர் 1843 ஆம் ஆண்டில் அதன் மாதிரியை இலண்டனுக்கு அனுப்பினார். 1851 இல் இங்கிலாந்தும் பிரான்சும் கடலடியால் இணைக்கப்பட்டன. 1858 இல் அத்திலாந்திக்கைக் கடந்து இடப்பட்ட வடம் சில வாரங்களிலேயே பழுதாயிற்று. 1866 இல் 'கிரேட் ஈஸ்டேர்ண்' என்னும் மாபெருங் கப்பல் இட்ட வடமே நிலைத்தது. அதே கப்பல் 1870 ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து ஏடனுக்கு வடமிட்டது. 1871 இல் சென்னை பினாங்கோடும் சிங்கப்பூரோடும் இணைந்தது. 1872 இல் அவுஸ்திரேலியாவும் இவ்வலையில் வந்து சேர்ந்தது. இத்துணை வடங்களையும் போர்த்துவதற்காக மலாய்க் காடுகளில் எண்ணிறந்த மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டன; ஒரு மரத்தை வீழ்த்தினாற் கிடைக்கும் பாலோ மிகச் சிறிது. உலகை இணைத்த முதற் கயிற்றுக்கு விலை கொடுத்தது அதனாற் பயன்பெறாத ஒரு காடு என்பதை நாம் மறத்தலாகாது.

நான் மிஷன் பாடசாலையிற் படித்தவன். எங்கள் சரித்திர பாடத்தில் தந்தியும் புகையிரதமும் 'முன்னேற்றம்' என்ற அத்தியாயத்தில் வந்தன. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வருத்திய பெரும் பஞ்சம் வேறோர் அத்தியாயத்தில் வந்தது. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே நிலத்தில் நிகழ்ந்தவை என்பது பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்பே என் சிந்தையில் உறைத்தது. இரண்டு அத்தியாயங்களையும் அருகருகே வைத்து வாசித்தபோது தோன்றியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

1876 ஆம் ஆண்டில் வடகீழ்ப் பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியும், மைசூரும், பம்பாய் மாகாணத்தின் தென்பகுதியும், ஐதராபாத்தும் வறண்டன. பஞ்சம் இந்தியாவுக்குப் புதிதன்று. ஆயினும், புகையிரதமும் தந்தியும் உள்ள நாட்டில் இனிப் பஞ்சத்தால் உயிர்கள் பெருந்தொகையாக அழியா என்று அக்காலத்து அதிகாரிகள் பலர் நம்பியிருந்தனர். ஓரிடத்தில் தானியங் குறைந்தால் அச்செய்தி தந்தியிற் பறக்கும், விலை உயரும், விலையைக் கண்ட வர்த்தகர் மிகுதியான இடத்திலிருந்து தானியத்தைப் புகையிரதத்தில் ஏற்றி அனுப்புவர், குறை தீரும். இது அவர்கள் கணக்கு.

இக்கணக்கிற் பாதி பலித்தது. செய்தி பறந்தது, விலையும் உயர்ந்தது, வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பல்களில் அரிசி வந்து சென்னைக் கரையிற் குவிந்தது, புகையிரதங்கள் அதனை உள்நாட்டுக்குச் சுமந்து சென்றன. பலியாத பாதி யாது? விளைச்சல் அற்றுப்போன கமக்காரன் கையிலும், வேலை அற்றுப்போன கூலியாள் கையிலும், நூலுக்கும் துணிக்கும் விலையற்றுப்போன நெசவாளன் கையிலும் அவ்வரிசியை வாங்கக் காசு இருக்கவில்லை. இன்னுமொன்று: முற்காலத்தில் மழை பெய்த ஊரில் விலை தாழ்ந்தே இருக்கும். இப்பொழுதோ, தந்தி எட்டிய இடமெல்லாம் ஒரே சந்தையாயிற்று. மழை பெய்த ஊரிலும் மழை பெய்யாத ஊரின் விலை வந்து புகுந்தது. அவ்வூர் ஏழையும் தன் கண்முன்னே விளைந்த தானியம் வண்டியேறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். வட இந்தியாவிலிருந்து கோதுமை இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாவதும் நிறுத்தப்படவில்லை. பஞ்சம் என்பது உணவு இல்லாமையால் மாத்திரம் வருவதன்று. உணவைப் பெறும் உரிமையும் வலியும் ஒருவனுக்கு இல்லாமையால் வருவது என்று பேராசிரியர் அமர்த்தியா சென் 1981 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். 1877 இல் சென்னைக் கடற்கரையில் அரிசி மூடைகளின் பக்கத்திலே மெலிந்து கிடந்த மக்கள் அவ்வுண்மைக்குச் சான்றாயிருந்தனர்.

தந்தி அரசாங்கத்தின் கையிலும் இருந்தது. அங்கே அது என்ன செய்தது? 1877 ஜனவரி முதலாந் திகதி டில்லியில் விக்டோரியா இராணியை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் பெருவிழா நடைபெற்றது. அதே மாதத்திலே அரசப்பிரதிநிதி லிற்றன் பிரபு சர் றிச்சட் ரெம்பிள் என்பவரைச் சென்னைக்கு அனுப்பினார். செலவைக் குறைப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. பஞ்ச நிவாரண வேலையிற் கல்லுடைப்பவனுக்கு நாளொன்றுக்கு ஒரு றாத்தல் தானியமும் அதனோடு சிறிது காசும் போதும் என்று அவர் விதித்தார். சென்னையின் சுகாதார ஆணையாளராயிருந்த வைத்தியர் கோர்ணிஷ் இதனை எதிர்த்தார். ஒன்றரை றாத்தலேனும் இன்றி வேலை செய்யும் மனிதன் உயிர்வாழ முடியாது என்று வாதாடினார். 1877 மார்ச்சு மாதத்தில் அளவு ஒன்றேகால் றாத்தலாக உயர்த்தப்பட்டது. கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் இடையே செய்தி செல்ல நாட்கள் ஆகவில்லை. ஒரு கால் றாத்தல் தானியம் கூடுவதற்கோ மாதங்கள் ஆயின. தாமதம் கம்பியில் இருக்கவில்லை என்பது தெளிவு. பஞ்சம் ஒழிந்தபோது மாண்டவர் தொகை ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டதென மதிக்கப்பட்டது.

இவ்வளவில் நிறுத்தினால், தந்தியே தீமை என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். அது நீதியாகாது. ஏனெனில் அதே கம்பியில் வேறொரு செய்தியும் சென்றது.

வில்லியம் டிக்பி என்னும் ஆங்கிலேயர் 1871 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, புறாக்கள் வளர்த்த அதே 'சிலோன் ஒப்சேர்வர்' பத்திரிகையில் உதவி ஆசிரியராகப் பணியாற்றியவர். 1877 இல் அவர் சென்னைக்குச் சென்று 'மட்றாஸ் ரைம்ஸ்' பத்திரிகையின் ஆசிரியரானார். அங்கே அவர் கண்ட காட்சிகள் அவரை வாளாவிருக்க விடவில்லை. 1877 ஆகஸ்டு மாதத்திலே சென்னையில் ஆளுநர் பக்கிங்காம் கோமகன் தலைமையிற் பொதுக்கூட்டம் ஒன்று கூடியது. பிரித்தானிய மக்களிடம் உதவி கேட்டு இலண்டன் நகர முதல்வருக்குத் தந்தி அனுப்பப்பட்டது. அச்செய்தி சென்னையிலிருந்து பம்பாய்க்குத் தரைவழியாகவும், பம்பாயிலிருந்து ஏடன், சூயெசு, மால்ற்றா, ஜிப்றால்ற்றர் என்று கடலடியாகவும் சென்று இங்கிலாந்தை அடைந்தது. நேற்றுவரை கோப்பி விலையும் பருத்தி விலையும் ஓடிய கம்பியில் இன்று ஒரு கூக்குரல் ஓடியது. இலண்டனில் நகர முதல்வரின் மாளிகையில் நிதி தொடங்கப்பட்டது. தேவாலயங்களிலும் தொழிற்சாலைகளிலும் பணஞ் சேர்ந்தது. அவுஸ்திரேலியக் குடியேற்றங்களிலிருந்தும் உதவி வந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரேதான் அவுஸ்திரேலியாவுக்குத் தந்தி எட்டியிருந்தது என்பதை ஈண்டு நினைத்தல் வேண்டும். இலண்டன் நிதி மாத்திரம் ஐந்து இலட்சம் பவுணைக் கடந்தது.

சென்னை நிவாரணக் குழுவின் கௌரவ காரியதரிசியாக டிக்பியே கடமையாற்றினார். மழை பெய்த பின்னர் அந்நிதியின் பெரும்பகுதி விதைநெல்லுக்கும், உழவு மாடுகளுக்கும், துணிக்கும், இடிந்த குடிசைகளைத் திருத்துவதற்கும் செலவிடப்பட்டது. இவர் 1878 இல் அப்பஞ்சத்தின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். நன்மை தீமை இரண்டையும் பதிந்து வைத்தமையால் அந்நூல் இன்றும் ஆராய்ச்சியாளருக்குப் பயன்படுகிறது.

ஆயினும் ஒன்று கேட்கலாம். மழை பொய்த்தது 1876 இன் இறுதியில். தந்தி சென்றது 1877 ஆகஸ்டில். இடையிலே எட்டு ஒன்பது மாதங்கள் கழிந்தன. அம்மாதங்களில் ஒவ்வொரு நாளும் சென்னையின் தானிய விலை கம்பி வழியே சென்றுகொண்டேயிருந்தது. விலை மூன்று மடங்கானபோது அவ்விலைக்குப் பின்னால் மனிதர் மடிகின்றனர் என்பதை வாசித்தவர் அறியாரோ? அறிந்திருப்பர். ஆனால் விலையாக வந்த செய்தியை விலையாகவே வாசித்தனர். கூக்குரலாக அனுப்பப்பட்டபோதுதான் கூக்குரலாகக் கேட்டனர். அனுப்புவதற்கு ஒரு டிக்பியும், ஒரு கூட்டமும் வேண்டியிருந்தன. அப்பஞ்சத்தின் பின்னர் அமைக்கப்பட்ட விசாரணைக்குழு 1880 இல் அறிக்கை வெளியிட்டது. அதன் பயனாக எழுந்த பஞ்ச விதிகள், தானிய விலை ஏறுவதைப் பஞ்சத்தின் அறிகுறியாகக் கொண்டு அதிகாரிகள் விழிப்பாயிருத்தல் வேண்டுமென்று கற்பித்தன. அதே விலைப்பட்டியல் முன்பு வர்த்தகனுக்கு இலாபக் குறிப்பாயிருந்தது. பின்பு அதிகாரிக்கு அபாய மணியாயிற்று. பட்டியல் மாறவில்லை. வாசிக்குங் கண் மாறிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கை அக்காலத்தில் தனக்கு வேண்டிய அரிசியிற் பெரும்பகுதியை இந்தியாவிலிருந்தே பெற்றது. ஆகவே, அங்கே விலை ஏற, இங்கேயும் ஏறிற்று. யாழ்ப்பாணத்தில் மழையின்மையும் கொள்ளைநோயும் ஒருங்கே வந்தன. அரசாங்க ஏசண்டராயிருந்த துவைனந் துரையின் நிருவாகம் மக்கள் துன்பத்தைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்று ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பகிரங்கமாகக் கண்டித்தார். கண்டித்தது மாத்திரமா? 1877 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே கஞ்சித்தொட்டித் தருமம் தொடங்கி, பசித்து வந்தோருக்கு உணவளித்தார். நாவலரைச் சைவப்பிரசாரகர் என்றும், வசனநடை வல்லார் என்றும் நாம் அறிவோம். பஞ்ச காலத்திலே அடுப்பு மூட்டிய நாவலரையும் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

இங்கே ஓர் உண்மையைச் சிந்திக்கலாம். புதிய கருவிகளை நாவலர் வெறுத்தவரல்லர். அவர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் பயின்று, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவர். 1849 இல் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவியவர். பிறரிடம் கண்ட கருவியைத் தம் மக்களின் தேவைக்குத் திருப்பிக்கொண்டார். கருவி எங்கிருந்து வந்தது என்று அவர் கலங்கவில்லை. ஆயினும், அடுத்த வீதியிற் பசித்திருப்பவன் யார் என்பதை அறிவதற்கு அவருக்குக் கருவி வேண்டியிருக்கவில்லை. நடந்து போய்ப் பார்க்குங் கால்களே வேண்டியிருந்தன.

அதே காலத்திலே இன்னொரு கூட்டத்தாரும் நடந்தனர். பஞ்சத்தினின்றுந் தப்பும்பொருட்டுச் சென்னை மாகாணத்துத் தமிழர் பெருந்தொகையாகக் கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து சென்றனர். வழியில் மாண்டவர் பலர். அவர்கள் பறித்த கோப்பியின் விலை இலண்டனிலிருந்து தந்தியில் வந்தது. அவர்கள் வழியில் மாண்ட செய்தி அவர்கள் பிறந்த கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்ததா? தந்திக் கட்டணம் கூலியாள் நினைத்தும் பார்க்கக்கூடியதன்று. கோப்பி நோயால் அழிந்தது, தேயிலை எழுந்தது, 1883 இல் கொழும்புத் தேயிலை ஏலம் தொடங்கிற்று. உலக வர்த்தகத்தோடு இலங்கையை இறுகப் பிணைத்தவர்கள் அவர்களே. அந்தப் பிணைப்பிலே ஒரு சொல் அனுப்பும் உரிமை அவர்களுக்கே இல்லாதிருந்தது. இணைப்பு என்னுஞ் சொல்லைக் கேட்குந்தோறும், யார் பேசுகிறார், யார் பேசப்படாது போகிறார் என்று கேட்கும் வழக்கத்தை இவர்கள் வரலாறு நமக்குக் கற்பிக்கிறது.

இவை பழங்கதை என்று சிலர் கூறலாம். 2004 டிசம்பர் 26 ஆந் திகதியை நினைத்துப் பாருங்கள். சுமாத்திராவின் அருகே கடலடி நிலம் அதிர்ந்தபோது இலங்கையிற் காலை ஏழு மணி. கால் மணி நேரத்தினுள் ஹவாய்த் தீவிலிருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் நிலநடுக்கம் பற்றிய அறிவித்தலை வெளியிட்டுவிட்டது. அலை நம் கரையை அடைவதற்கோ ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. கடலடி வடங்கள் இருந்தன, தொலைபேசி இருந்தது, தொலைக்காட்சி இருந்தது. ஆனால் இந்து சமுத்திரத்துக்கென ஓர் எச்சரிக்கை ஒழுங்கு இருக்கவில்லை. செய்தியைப் பெற்றுக் கரையோரக் கிராமத்தவனிடஞ் சொல்லும் பொறுப்பு எவருக்கும் இருக்கவில்லை. நம் நாட்டில் மாத்திரம் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னர் அதே இணைப்புக்களினூடாக உலகெங்குமிருந்து உதவி வந்து குவிந்தது. 1877 இற் போலவே இங்கும் கருணை உண்மையானது. பிந்தி வந்தது என்பதும் உண்மையானது.

இன்னொரு நிகழ்ச்சியையுங் கூறவேண்டும். 2022 ஆம் ஆண்டில் நம் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்து, எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்றபோது, தமிழ்நாட்டு அரசு 40,000 தொன் அரிசியும், 500 தொன் பால்மாவும், மருந்துகளும் அனுப்பத் தீர்மானித்தது. முதற் கப்பல் மே மாதத்திற் சென்னையிலிருந்து புறப்பட்டுக் கொழும்பை அடைந்தது. ஒரு காலத்திலே பசித்தோர் எந்தக் கரையிலிருந்து இலங்கைக்கு வந்தனரோ, அந்தக் கரையிலிருந்தே அரிசி வந்தது. வந்த அரிசி சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றிப் பகிரப்பட்டது. சரித்திரம் சில வேளைகளில் இவ்வாறும் திரும்பி வருகிறது.

இக்காலத்தில் கண்டங்களுக்கிடையே செல்லுஞ் செய்திகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவை வானத்தாற் செல்வதில்லை. கடலடியிற் கிடக்கும் கண்ணாடி இழை வடங்களாலேயே செல்கின்றன. அவ்வடங்களுட் சில கொழும்பிலும் மாத்தறையிலும் கரையேறுகின்றன. அவை ஐரோப்பாவை நோக்கிச் செல்லும் வழியோ 1870 இல் தந்தி சென்ற அதே வழி: அரபிக்கடல், செங்கடல், சூயெசு. 2021 மார்ச்சில் ஒரு கப்பல் குறுக்கே கிடந்தமையால் சூயெசுக் கால்வாய் ஆறு நாட்கள் அடைபட்டது. 2024 இல் செங்கடலில் வடங்கள் அறுந்தன. உலகம் ஒரு சில நூல்களிலே தொங்குகிறது என்பதை இவை காட்டின. அந்நூல்களை முற்காலத்தில் தந்திக் கம்பனிகள் சொந்தமாக்கியிருந்தன. இப்பொழுது இணையத்தை ஆளும் பெருங் கம்பனிகளே வடங்களையும் இட்டு வருகின்றன. வடத்துக்குச் சொந்தக்காரர் மாறலாம். வடத்தின் இரு நுனியிலும் இருக்கவேண்டிய மனிதரின் கடமை மாறவில்லை.

ஆகவே, முதலில் எழுப்பிய வினாக்களுக்கு விடை இதுவாகும். உலகம் இணைந்தது நம் காலத்திலன்று. இணைப்பு மனிதரைத் தானாகவே உறவினராக்குவதுமில்லை. கம்பி விலையையும் சுமக்கும், கருணையையும் சுமக்கும். விலைக்குக் காவலர் எப்பொழுதும் உண்டு. அது ஒரு நாளும் தாமதித்ததில்லை. கருணைக்குக் காவலர் இருந்தாலன்றி அது எட்டு மாதம் பிந்தியே புறப்படும்.

சங்கத்து இளைஞர்களாகிய நம்மிற் பெரும்பாலாரின் கையிலே கைத்தொலைபேசி இருக்கிறது. கடல் கடந்து வாழும் உறவினரிடமிருந்து ஒரு நாளிலே பணந் திரட்டும் வல்லமை நமக்குண்டு. டிக்பிக்கும் நாவலருக்கும் இல்லாத வசதி இது. ஆனால் நம் ஊரில் எந்த வீட்டில் இன்று அடுப்பு எரியவில்லை, எந்தப் பிள்ளை பாடசாலைக்குப் போவதை நிறுத்திவிட்டது, எந்த முதியவர் மருந்தின்றி இருக்கிறார் என்பதை நாம் அறிவோமா? அறியாவிட்டால் நாம் அனுப்புஞ் செய்தியில் உண்மை இராது. அறிந்து, கணக்கைச் செம்மையாக எழுதி, காலந்தாழ்த்தாது கேட்டால், கேட்பதற்கு உலகெங்கும் காதுகள் உண்டு. பெரியோர்கள் தாம் கண்ட பஞ்சத்தையும் இடப்பெயர்வையும் நமக்குச் சொல்லித்தருதல் வேண்டும். இளைஞர்கள் வீதியில் இறங்கி நடத்தல் வேண்டும். இவ்விரண்டும் கூடினால், நம் கையிலுள்ள கருவியும் ஒரு கஞ்சித்தொட்டியாகலாம்.